வட்டச் சீலும் இங்க்ஸ்கேப்பும்: ஆறு வருஷப் பழக்கம்

புனலூரில் புதிதாகக் கடை போடும் தம்பி ஒருவர் நேற்று போனில் கேட்டார்: "அண்ணாச்சி, சீல் வேலைக்கு இங்க்ஸ்கேப் போதுமா, இல்ல காசு கொடுத்து வேற வாங்கணுமா?" எனக்கு உடனே பதில் வரவில்லை. செங்கோட்டையில் ஆறு வருஷமாக அந்த இலவச வரைகலை மென்பொருளில்தான் ரப்பர் ஸ்டாம்பும் பேனரும் செய்கிறேன். ஆனால் நேற்றுக் காலையில்தான் ஒரு சங்கத்தின் வட்டச் சீல் திரும்பி வந்திருந்தது. "மேல பல்லு விழுந்த மாதிரி இருக்கு, கீழ நெருக்கியடிச்சு நிக்குது" என்று சொல்லி மேசையில் வைத்துவிட்டுப் போனார் செயலாளர். அவர் சொன்னது நியாயம்தான்.

மென்பொருள் கணக்குத் தப்பவில்லை. அது எழுத்தின் காலடியில் அளக்கிறது, நம் கண்ணோ எழுத்தின் இடுப்பில் அளக்கிறது. வினையெல்லாம் இதிலிருந்துதான். எஸ்விஜி (இங்க்ஸ்கேப் பயன்படுத்தும் படக்கோப்பு வடிவம்) விதிப்படி ஒவ்வொரு எழுத்தின் அகலத்திலும் நடுப்புள்ளி எடுத்து, அதை வளைவின்மேல் வைத்து, அந்த இடத்துச் சாய்வுக்குத் திருப்ப வேண்டும். இங்க்ஸ்கேப் அதைச் சரியாகச் செய்கிறது. 38 மி.மீ. சீலில் மேல்வரியின் கால் 13 மி.மீ. ஆரத்தில் நிற்கிறது, எழுத்தின் உயரம் 4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் நிற்கும் வட்டத்தின் சுற்றளவு சுமார் 82 மி.மீ., தலை தொடும் வட்டத்துக்கு 107. காலில் ஒட்டி நிற்பவை தலையில் விரிந்துவிடும். கீழ்வரியில் இது தலைகீழ்: கால் பெரிய வட்டத்தில், தலை சின்ன வட்டத்தில். ஒரே இடைவெளி கொடுத்தால் மேல்வரி கலைந்தும் கீழ்வரி திணறியும்தான் தெரியும்.

அதனால் மேலுக்கும் கீழுக்கும் ஒரே வட்டம் போட்டு ஏமாறாதீர்கள். கீழ்வரிக்கு எழுத்தின் உயரம் அளவுக்குப் பெரிய வட்டம் தனியாக வேண்டும். அதைப் பாதையாக (எழுத்து ஓடும் கோடாக) மாற்றித் திசையைத் திருப்பினால் எழுத்து உட்பக்கம் வந்துவிடும். பிறகு மேல்வரியை இறுக்கி, கீழ்வரியைத் தளர்த்த வேண்டும். நான் இரண்டுக்கும் நடுவில், 15 மி.மீ. ஆரத்தில், ஒரு மெல்லிய வட்டம் வரைந்து அதன்மேல் தெரியும் வெள்ளையை மட்டும் பார்க்கிறேன். வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுவேன்.

இதுவரைக்கும் எந்த மொழிக்கும் உள்ள பாடு. நமக்கு இன்னொன்றும் இருக்கிறது. கேரள எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்துச் சீல்களில் மேலே தமிழ், கீழே மலையாளம் என்று நிறைய வரும். மலையாள எழுத்துக்கு அடியும் உருண்டை, வளைவில் பாந்தமாக உட்காரும். ட, ப, ம மூன்றுக்கும் அடி தட்டை. 6 மி.மீ. அகலமுள்ள ஒரு ண அந்த 13 மி.மீ. ஆரத்தில் நின்றால் அதன் இரண்டு ஓரமும் கோட்டை விட்டு 0.35 மி.மீ. தூக்கிக்கொள்ளும். பக்கத்தில் ர வந்தால் அது ஒடுங்கி, கோட்டோடு ஒட்டி நிற்கும். கார்த்திகை மாசம் குருசாமிகள் கேட்கும் 'சுவாமியே சரணம் ஐயப்பா' வளைவில் யே-யைப் பாருங்கள்: கொம்பும் ய-வும் சேர்ந்து அகலமாவதால் அதுவும் ஓரங்களில் தூக்கிக்கொள்ளும். பேனரில் ஆரம் பெரிசு, அதனால் கண்ணுக்குப் படாது. சீலில் படும். சாமியைக் கூப்பிடும் வரியிலேயே ஓர் எழுத்தை இப்படி நிறுத்தியிருக்கிறோமே என்று எனக்கு மனசு ஆறாது.

கடைசியில் கைவேலைதான் வழி. எழுத்தைப் பாதையாக (வெறும் கோட்டு உருவமாக) மாற்றியதும் முதல் வேலையாகக் கொம்பையும் புள்ளியையும் அதனதன் எழுத்தோடு குழுவாகக் கட்டிவிடுவேன். சுழல் மையத்தை இழுத்து வட்டத்தின் நடுவில் வைத்து, ஒவ்வொன்றாக அரை டிகிரி, கால் டிகிரி என்று நகர்த்துவேன். அரை டிகிரி என்பது நடுவட்டத்தில் 0.13 மி.மீ. ஒரு சீலுக்கு முக்கால் மணி நேரம் போகிறது.

இங்க்ஸ்கேப்பால் எனக்கு வந்த நன்மையையும் சொல்ல வேண்டும். கையில் காசு இல்லாமல் கடை தொடங்கியவன் நான். ஒரு ரூபாய் கேட்காமல் இத்தனை வருஷம் சோறு போட்டிருக்கிறது. ஆல்ட் விசையோடு அம்பு விசையைத் தட்டி எழுத்தை நகர்த்தும் வசதி என் விரலில் ஊறிவிட்டது. பேனர், விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை எதிலும் அதன்மேல் எனக்குப் புகார் கிடையாது.

ஆனால் தம்பி கேட்டது சீல் வேலைக்கு. காசு கொடுத்து வாங்கும் இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் எழுத்தின் நடுவைப் பாதையில் நிறுத்தவும், வளைவில் விரியும் இடைவெளியைச் சுருக்கவும் தனித்தனி அமைப்பே உண்டு. தினம் பத்துச் சீல் வரும் கடை என்றால் அந்தப் பக்கம் போய்விடு என்றுதான் போனில் சொன்னேன். சொல்லிவிட்டு, திரும்பி வந்த சீலை இங்க்ஸ்கேப்பிலேயே திறந்தேன். சாயங்காலம் செயலாளர் வருவார். மேல்வரி முடிந்துவிட்டது, கீழ்வரியில் இன்னும் நாலு எழுத்து பாக்கி.