பிரின்ஸும் என் இடது ஷிஃப்டும்

லேப்டாப் கீபோர்டை மாற்றி ஒரு வாரம் ஆகிறது. பழையதில் மற்ற விசையெல்லாம் நன்றாகத்தான் இருந்தன; இடது ஷிஃப்ட் மட்டும் தேய்ந்து செத்துவிட்டது. காரணம் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா என்ற பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு. விஷயம் கேள்விப்பட்டு நண்பன் போன் செய்தான்: "மச்சான், இன்னுமா அதை ஆடுற? என் பொண்ணுக்குப் போட்டுக் கொடுக்கலாமா? ஏழாவது படிக்கிறா." போனில் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

1989-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்த விளையாட்டு, அடுத்த ஆண்டு டாஸில் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) ஓடும் கம்ப்யூட்டர்களுக்கு வந்தது. 12 லெவலையும் 60 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நானும் இவனும் ஆடியது 1997-ல், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், ஒரே கீபோர்டில். அம்புக்குறிகள் எனக்கு, ஷிஃப்ட் அவனுக்கு. "பிடி, பிடி!" என்று நான் கத்துவேன். அவன் அழுத்தினால் இளவரசன் விளிம்பைப் பிடித்துத் தொங்குவான். கொஞ்சம் தாமதித்தால் கீழே முள்.

தனியாக ஆடும்போதுதான் இதன் கட்டுப்பாடு எவ்வளவு முரண்டு என்று புரிகிறது. விசையை அழுத்தியவுடன் எதுவும் நடக்காது. ஓடுகிறவன் உடனே நிற்கமாட்டான், சறுக்கித்தான் நிற்பான். தாவ ஆரம்பித்தால் பாதியில் மனம் மாற முடியாது. இதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் 1985-ல் தன் தம்பியை வெள்ளை உடையில் ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வொரு அசைவையும் வரைந்தார். உண்மையான உடம்பின் அசைவு என்பதால் தொடங்கியதை முடிக்காமல் அடுத்ததற்குப் போகாது. எரிச்சலும் அதனால்தான், இத்தனை வருடம் விடாமல் ஆடுவதும் அதனால்தான்.

எனக்குப் பிடித்தது ஒரு சின்ன அசைவு. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் மெல்ல ஓரடி வைப்பான். விளிம்புக்கு வந்துவிட்டால் அடி எடுத்து வைக்கமாட்டான்; ஒரு காலை மட்டும் வெளியே நீட்டி, தரை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துப் பின்வாங்குவான். இருட்டில் மாடிப்படி இறங்கும்போது நாம் செய்வதேதான். மறுபடி தட்டினால் விழுவான், அது நம் தப்பு. இத்தனை வருடம் கழித்தும் அந்தக் காலை நீட்டும் இடத்தில் என் மூச்சு ஒரு கணம் நிற்கிறது.

அந்த ஷிஃப்டைத்தான் புதுக் கீபோர்டு கெடுத்துவிட்டது. வலது அம்புக்குறி, மேல் அம்புக்குறி, இடது ஷிஃப்ட் மூன்றும் சேர்ந்தால் ஒன்றை விழுங்கிவிடுகிறது. அதாவது ஓடித் தாவிப் பிடிக்கும் இடத்தில் பிடி கிடைப்பதில்லை. வாள் சண்டையில் வேறொரு தொல்லை: வெட்டுவதும் ஷிஃப்ட்தான், தொடர்ந்து ஐந்து முறை தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்' (விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த உதவும் விண்டோஸ் வசதி) வேண்டுமா என்று ஒரு பெட்டி குறுக்கே வருகிறது. மூடுவதற்குள் காவலாளி குத்திவிடுகிறான். செட்டிங்ஸில் அதை அணைத்துவிடலாம், சரி. விழுங்கும் விசைக்கு எந்த செட்டிங்ஸ்? நேற்று இரவு மட்டும் ஒரே பள்ளத்தில் ஒன்பது முறை விழுந்தேன்.

பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் பழைய பதிப்பையே நான் ஆடுகிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு எஸ்டிஎல்பாப் நல்லது; இதே விளையாட்டை இன்றைய கம்ப்யூட்டருக்கு ரசிகர்கள் மாற்றியமைத்த பதிப்பு அது. எஃப்6 அழுத்தினால் அந்த இடத்திலேயே சேமிக்கும், எஃப்9-ல் திரும்பி வரலாம்.

ஆனாலும் மச்சான், பொண்ணுக்கு இதைப் போட்டுக் கொடுக்காதே. லேப்டாப் கீபோர்டில் வேண்டவே வேண்டாம். பிடித்தும் பிடி கிடைக்காமல் விழுந்தால், தனக்கு ஆடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வாள். எனக்கு வெளியே செருகும் கீபோர்டு ஒன்று சனிக்கிழமை வருகிறது. அதுவரை லெவல் 7-ல் நிறுத்தி வைத்திருக்கிறேன், 31 நிமிடம் மீதி. ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வா. ஷிஃப்ட் யாருக்கு என்று அவளே சொல்லட்டும்.