யோக்யகர்த்தாவில் பத்திக் வாங்குவோர் துணியைத் திருப்பிப் பாருங்கள்

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் வேலை பார்க்கும் நான், சக ஊழியர் ஒருவரின் மகள் திருமணத்திற்காக யோக்யகர்த்தாவின் மலியோபோரோ வீதிக் கடையொன்றில் பத்திக் துணி வாங்கி ஏமாந்தேன். மெழுகு இட்ட இடத்தில் சாயம் ஏறாதபடி செய்து வடிவத்தை உருவாக்கும் துணிதான் பத்திக். வேறு எவரும் அப்படிப் பணத்தை இழக்கக் கூடாது என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

நான் கேட்டது ‘த்ருந்தும்’ என்ற வடிவம். கரிய நிலத்தில் விண்மீன்களைப் போலச் சிறு பூக்கள் இறைந்து கிடக்கும் இதை, ஜாவாவின் சோலோ நகர அரசர் மூன்றாம் பக்குபுவோனோவின் அரசி, கணவரின் அன்பு விலகியிருந்த நாட்களில் வரைந்தார் என்றும், அதைக் கண்டு அந்த அன்பு மீண்டும் துளிர்த்தது என்றும் சொல்வார்கள். அதனால்தான் திருமணத்தில் மணமக்களின் பெற்றோர் இதை உடுத்துகிறார்கள். கடைக்காரர் இவ்வளவையும் பிழையின்றி எடுத்துச் சொன்னதால் அவர் மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது.

துணி ‘பத்திக் தூலிஸ்’ என்றார். அதாவது, சாந்திங் என்னும் சிறு செம்புக் கருவியில் உருக்கிய மெழுகை ஊற்றி, ஒவ்வொரு புள்ளியையும் கையாலேயே இட்டது. இரண்டு மாத உழைப்பு என்று சொல்லி 18 லட்சம் ரூபியா வாங்கினார். பூக்கள் எல்லாம் ஒரே அளவாக இருக்கின்றனவே என்று கேட்டதற்கு, “இது நவீன வடிவம், அப்படித்தான் இருக்கும்” என்றார். இந்தப் பதிலை நான் ஏற்றிருக்கக் கூடாது. வடிவம் புதியதா பழையதா என்பது வேறு, துணி எப்படி உருவானது என்பது வேறு. 1950-களில் அன்றைய அதிபர் சுகர்ணோவின் ஊக்கத்தால் சோலோவின் பத்திக் கலைஞர் கோ திக் ஸ்வான், அரண்மனை வடிவங்களையும் ஜாவாவின் வடகடற்கரையின் பளிச்சென்ற நிறங்களையும் இணைத்துப் புதுப் பத்திக் படைத்தார். அதுவும் மெழுகால் கையில் வரைந்ததுதான். நவீனம் என்ற சொல்லைக் காட்டி அச்சுத் துணியை விற்பது, இன்றும் புதிதாகச் சிந்தித்து வரையும் கலைஞர்களுக்கும் செய்யும் தீங்கு.

சோலோவில் மணமகளின் பாட்டி துணியைக் கையில் வாங்கியதும் முதலில் அதைத் திருப்பினார். பின்புறம் வெளிறிப் போயிருந்தது. இளம் வயதில் சோலோவின் பத்திக் பகுதியான லாவேயானில் மெழுகு இட்டவர் அவர். பிறகு ஒரு பூவின் மேல் விரலை வைத்தார். அதில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. ஒரு சாண் தள்ளி இன்னொரு பூவிலும் அதே புள்ளி இல்லை. அதற்கப்பாலும் அப்படியே. “பிள்ளாய், இது அச்சு. எவ்வளவு கொடுத்தாய்?” என்று கேட்டார். உண்மை விலையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செம்பு முத்திரையால் மெழுகு ஒற்றும் ‘பத்திக் சாப்’ துணியிலும் இப்படி ஒரே குறை திரும்பத் திரும்ப வரும் என்றும், ஆனால் துணி சாயத்தில் முழுவதுமாக முங்கி எழுவதால் அதன் பின்புறம் இவ்வளவு வெளிறாது என்றும் அவர் விளக்கினார். நல்ல தூலிஸில் பின்பக்கத்திலும் மெழுகு இடுவதால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். அங்கே எந்த இரண்டு பூக்களும் முழுக்க ஒத்திருப்பதில்லை.

கடைக்குத் திரும்பிப் போனேன். ரசீதில் ‘பத்திக் துணி, த்ருந்தும்’ என்று மட்டுமே இருந்தது. ‘தூலிஸ்’ என்ற சொல் இல்லை. அதைக் காட்டியே பணத்தைத் திருப்பித் தர மறுத்து, இன்னும் விலை கூடிய துணியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆகவே, வாங்குமுன் தூலிஸா, சாப்பா, அச்சா என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கே வாங்க வேண்டாம். 2009-இல் யுனெஸ்கோ மானுடப் பாரம்பரியமாக ஏற்ற இந்தக் கலையை வாரக்கணக்கில் அடுப்பருகே அமர்ந்து செய்யும் பெண்களுக்குச் சேர வேண்டிய விலையைத்தான் அச்சுத் துணிக்குக் கேட்கிறார்கள்.

அடுத்த வாரம் லாவேயானில் ஒரு பெண்மணியிடம் த்ருந்தும் கேட்டேன். “இது சாப்தான் ஐயா, தூலிஸ் இல்லை” என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்லி, ரசீதிலும் அப்படியே எழுதி, 3 லட்சம் ரூபியா வாங்கிக்கொண்டார். மணமகளின் பெற்றோர் திருமணத்தன்று உடுத்தியது அந்தத் துணியைத்தான்.