யூனியன் கார்டு இருந்தாதான் லோடா, யாரு வேணா தூக்கலாமா? ரெண்டுலயும் நின்னவன் சொல்லுதேன்

ஐடிஐ முடிச்ச தங்கச்சி மவன், லோடு எறக்கப் போலாம்னு இருக்கேன் மாமா, யூனியன்ல சேரணுமா இல்ல ஏதாவது குடோன்ல நேரா போய் நின்னுரலாமான்னு கேட்டான். நான் மொதல்ல மார்த்தாண்டம் பக்கம் ஒரு சிமெண்ட் குடோன்ல மேஸ்திரிக்க கீழ நின்னவன், இப்ப நாகர்கோவில்ல ஒரு மார்க்கெட்ல இருக்கேன், இங்க யூனியன் மெம்பரா இல்லாதவன் மூட்டைல கை வைக்க முடியாது. அதனால யூனியன் பக்கம் சாஞ்சுதான் எழுதுவேன், மொதல்லயே சொல்லிட்டேன்.

கூலி, சந்தா கதையெல்லாம் ரொம்ப இழுக்கல. லோடு நல்லா வர்ற நாள்ல குடோன்லதான் கையில கூட நிக்கும், சந்தா கெடையாது, கொடி புடிச்சிட்டு ஊர்வலம் போக வேண்டாம். மார்க்கெட்ல யூனியனும் வியாபாரிகளும் பேசி வச்ச ரேட்டு, இஷ்டத்துக்கு யாரும் கொறைக்க முடியாது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்லா.

எனக்கு முடிவு பண்ண வச்சது வயசு. குடோன்ல காலைல மேஸ்திரி வந்து நின்னு நீ வா, நீ வான்னு கை காட்டுவாரு. 50 கிலோ மூட்டையத் தலைல வச்சு லாரிலேருந்து பலகை வழியா எறங்கணும், அப்ப கை எளவட்டத்தப் பாத்துதான் போவும். எங்க கூட ஒரு அண்ணாச்சி இருந்தாரு, தலைக்கும் மீசைக்கும் டை அடிச்சிட்டுதான் வருவாரு, மேஸ்திரிக்க கண்ணுக்கு வயசு தெரியக்கூடாது, அதுக்குத்தான். வேர்வைல டை கரைஞ்சு காதோரம் கறுப்பா வழியும், அது மேல சிமெண்ட் பொடி அப்பிக் கெடக்கும். அப்புறம் கை அவரு பக்கம் வாறது கொறஞ்சு கொறஞ்சு, ஒரு கட்டத்துல அவரே வாறத நிறுத்திட்டாரு. போன்னு யாரும் சொல்லல, கூப்பிடல, அவ்வளவுதான்.

மார்க்கெட்ல அன்னைக்கு வந்த எறக்குக்கூலி எல்லாம் பொதுக்கணக்கு. சாயங்காலம் செகரட்டரி ஒரு பிளாஸ்டிக் கிரேடக் கவுத்துப் போட்டு உக்காந்து நோட்ட விரிப்பாரு, வேலைக்கு வந்த எல்லாருக்கும் சமப்பங்கு. கால் முட்டு தேஞ்சு போன ரெண்டு பேரு இருக்காவ, அவங்க வேல வாழக்கொல எண்ணுறது, தார்ப்பாய் மடக்குறது, கயிறு சுத்துறது. ஆனா தலைல செமக்குறவனுக்கு எவ்வளவோ அவங்களுக்கும் அதே காசு. சின்னப் பயலுவ மொணங்கத்தான் செய்வானுவ, நாங்க செமக்கோம் இவரு தார்ப்பாய் மடக்குதாருன்னு. மொணங்கட்டும், அவனுவளுக்கும் முட்டு தேயும்லா.

இந்த சமப்பங்கு நிக்கணும்னா வெளியாள உள்ள விடக்கூடாது, அதான் விஷயமே. யாரு வேணா தூக்கலாம்னு விட்டா வியாபாரி கொறஞ்ச ரேட்டுக்கு பலம் உள்ளவனத்தான் கூப்பிடுவான், அதுல தப்பு சொல்ல முடியாது, அவனுக்கு வாழப்பழம் கறுக்குறதுக்கு முன்ன எறங்கணும். ஆனா முட்டு போனவனுக்குப் பங்கு எங்கேருந்து வரும்?

இனி வெளிய நிக்கறவன்ட்ட கேளுங்க, அவன் வேற மாதிரி சொல்லுவான், அதுலயும் நியாயம் உண்டு. ஒருத்தரு ஒதுங்குனாத்தான் ஒரு எடம் காலியாவும், அதுக்கும் உள்ள இருக்கவனுக்க மவன்தான் முன்னாடி நிப்பான். பீகார்லேருந்து வந்த பையன் நம்மள விட நல்லா செமப்பான், அவனுக்கு எடமே இல்ல. கேரளால நான் செமந்ததில்ல, களியக்காவிளை எல்லை தாண்டி லாரில போனப்ப பாத்ததும் அங்க உள்ள சொந்தக்காரங்க சொல்லுததும்தான். அங்க சுமை தூக்குறவங்களுக்குன்னே 1978 சுமட்டுத் தொழிலாளர் சட்டம்னு ஒண்ணு இருக்கு, நலநிதி வாரியம், அடையாள அட்டைன்னு ஏற்பாடு நல்லாத்தான் இருக்கு. ஆனா கூடவே நோக்குக்கூலின்னு ஒண்ணு, அடுத்தவன் எறக்குறதப் பாத்துட்டு நின்னதுக்குக் காசு! அத 2018 மே 1லேருந்து அரசாங்கமே தடை பண்ண வேண்டியதாப் போச்சு, நாள் பாத்தீங்களா, தொழிலாளர் தினம்.

சட்டப்படி பாத்தா மெம்பரா இருந்தாதான் வேலைங்கறதுக்கு பல எடத்துல ஆதரவு கம்மிதான். அமெரிக்கால 1947லயே டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் போட்டு நிறுத்திட்டாங்க, பிரிட்டன்ல 1990ல வந்த சட்டத்தோட போச்சு. நம்ம பழைய தொழில் தகராறு சட்டத்துக்க 5ஆவது அட்டவணையும், யூனியன்ல சேரக்கூடாதுன்னு மொதலாளி மெரட்டுறதையும், சேருன்னு யூனியன் கட்டாயப்படுத்துறதையும் ரெண்டையுமே தப்புன்னுதான் எழுதி வச்சிருந்துச்சு, 2025 நவம்பர்ல அதுக்குப் பதிலா வந்த தொழில் உறவுச் சட்டத்துலயும் அதேதான். அதனால மார்க்கெட்ல நடக்குறது எழுத்துல இல்லாத வழக்கம், அது நிக்கறது ஆளு ஒத்துமையா நிக்கற வரைக்கும்தான்.

அண்டி ஆபீஸ்னு சொல்ற முந்திரி ஆலை, ரப்பர் தோட்டத்துக்கெல்லாம் எனக்க கணக்கு அப்படியே பொருந்துமான்னு உறுதியா சொல்ல மாட்டேன், அங்க மொதலாளி ஒருத்தரு, ரெஜிஸ்டர்ல பேரு இருக்கும். எங்களுக்கு ஒவ்வொரு லாரிக்கும் ஒரு மொதலாளி.

தங்கச்சி மவன்ட்ட மார்க்கெட்டுக்கே வாடேன்னுதான் சொல்லியிருக்கேன். சேரும்போது குடுக்குற காசுக்கு ரசீது கேளு, தரமாட்டேன்னு சொன்னா அது யூனியனுக்குப் போற காசு இல்ல. அரசாங்க நலவாரியம் வேற, யூனியன் வேற, அதையும் போட்டுக் கொழப்பாத. நம்ம ஊர்ல வாரியம் வந்தது 1982 உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்துல, குடோன்ல நின்னாலும் அதுல பதியலாம், 60 வயசுக்குள்ள பதியணும். டை அடிச்ச அண்ணாச்சி கடைசி வரைக்கும் பதியவே இல்ல.