கல்லூரி உதைபந்தாட்ட அரங்குக்குக் கொழும்பில் காணி: வளவுக்குள்ளா, மாநகர சபைத் திடலா, சதுப்பா, ஹோமாகமவா?

கொழும்பில் ஒரு கல்லூரி சொந்த உதைபந்தாட்ட அரங்குக்கு இடம் தேடத் தொடங்கினால், பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி "பேர்ச்சஸ் என்ன விலை?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்றரைக்குப் பாடசாலை விட்டால், பிள்ளைகள் எத்தனை மணிக்குப் பந்தில் கால் வைப்பார்கள்? மழை விட்டபின் தரை எவ்வளவு நேரத்தில் ஆடத் தகுந்ததாகும்? பெரிய ஆட்டங்கள் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவை. பயிற்சியோ கிழமைக்கு நாலைந்து நாள். பெரிய ஆட்ட நாளின் கூட்டத்தை மனதில் வைத்து இடம் பிடிப்பவர்கள் மீதி நாட்களுக்குப் பயன்படாத அரங்கைத்தான் கட்டி முடிக்கிறார்கள்.

பம்பலப்பிட்டி, பொரளை, கொட்டாஞ்சேனை இந்த மூன்றுக்கும் இடைப்பட்ட ஒரு கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கிடைக்கக்கூடிய நான்கு வகை இடங்களை இங்கே அலசுகிறோம்.

முதலில் அளவு. சர்வதேசத் தரத்தில் வழமையான ஆடுகளம் 105 × 68 மீற்றர். ஓடி நிற்கும் இடமும் மாற்று வீரர் இருக்கைகளும் சேர்ந்தால் 125 × 85 மீற்றர், அதாவது ஏறத்தாழ 420 பேர்ச்சஸ், 2.6 ஏக்கர். ஒரு பக்கம் 3,000 பேருக்கு இருக்கை போட்டால் பதினாறு வரிசை வரும். வரிசைக்கு 80 சென்றிமீற்றர் என்றால் 13 மீற்றர் ஆழம், பின்னால் நடைபாதை வேறு. பஸ் திரும்பும் இடத்தையும் கூட்டினால் கணக்கு நான்கு ஏக்கரைத் தொடும். ஆனால் சட்டப்படி சர்வதேச ஆட்டத்துக்கே 100 × 64 போதும். பாடசாலை ஆட்டத்துக்கு அது தாராளம். நாலாபக்கமும் நான்கு மீற்றர் விட்டால் 108 × 72 மீற்றர். இரண்டு ஏக்கருக்குள் அடங்குகிறது. இந்த இரண்டு கணக்குக்கும் இடையில்தான் முழு விவாதமும் கிடக்கிறது.

இடம் தாராளமாகக் கிடைத்தால் "400 மீற்றர் ஓடுபாதையையும் போட்டுவிடுவோம்" என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். எட்டுத் தடப் பாதைக்கு 177 × 93 மீற்றர் வேண்டும். ஓரத்தையும் சேர்த்தால் நாலேகால் ஏக்கர், இருக்கை இன்னும் வரவில்லை. வழமையான 36.5 மீற்றர் ஆரை வளைவுக்குள் 105 × 68 ஆடுகளத்தை வைத்தால், மூலைக் கொடியிலிருந்து பாதையின் உள்விளிம்புக்கு ஒரு மீற்றர் கூட மிஞ்சாது. சறுக்கி வரும் பிள்ளையின் முழங்கால் நேரே அந்த விளிம்பில். பார்வையாளரும் பக்கக் கோட்டிலிருந்து பன்னிரண்டு மீற்றருக்கு மேல் தள்ளிப்போய்விடுவார்கள். சுகததாச அரங்கில் உதைபந்தாட்டம் பார்த்தவர்களுக்கு அந்தத் தூரம் தெரியும். அரங்கு உதைபந்தாட்டத்துக்கென்றால் ஓடுபாதையை மறந்துவிடுவது நல்லது.

கல்லூரி வளவுக்குள்

நடந்துபோகும் தூரம் பூச்சியம். ஒன்றரைக்கு மணி அடித்தால், சாப்பிட்டு உடை மாற்றி இரண்டேகாலுக்குப் பயிற்சியைத் தொடங்கலாம். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் ஊரில் இது சாதாரண விடயமல்ல.

தடையாக வருவது திசையும் தரையும். ஆடுகளத்தின் நீளம் வடக்கு–தெற்காக இருக்க வேண்டும், பதினைந்து இருபது பாகை சரிந்தாலும் பரவாயில்லை. கொழும்பில் மாலைச் சூரியன் ஆண்டு முழுக்க மேற்கை ஒட்டியே இறங்குகிறது. வளவின் வடிவத்துக்காகக் கிழக்கு–மேற்காகப் போட்டால், நான்கு மணிக்குப் பிறகு கிழக்குக் கோலைக் காப்பவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். மேற்குப் பக்கம் மூன்று மாடிக் கட்டடம் இருந்தால் தப்பலாம்.

தரை பெரும்பாலும் கபூக் எனும் செம்புறை மண். தொடாத கபூக் தண்ணீரை ஓரளவு உள்வாங்கும். ஆனால் காலைக்கூட்டமும் இல்ல விளையாட்டுப் போட்டியும் கடேற் அணிவகுப்பும் பல பத்தாண்டுகள் மிதித்த மேற்தரை சீமெந்து போல இறுகியிருக்கும். ஆடுகளத்தின் நடுவில் ஓரடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பி மணித்தியாலத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பத்து மில்லிமீற்றருக்குக் குறைவென்றால் மேலே புல்லை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

முழு வடிகால் என்றால் கீழிருந்து மேலாக இப்படி: துளையிட்ட 100 மில்லிமீற்றர் குழாய்கள், ஐந்திலிருந்து எட்டு மீற்றர் இடைவெளியில், 200க்கு 1 சரிவில், அவை சேரும் 150 மில்லிமீற்றர் பிரதான குழாய், 15 சென்றிமீற்றர் சல்லி, 5 சென்றிமீற்றர் பொடிச்சல்லி, 30 சென்றிமீற்றர் மணல் கலவை. 108 × 72 மீற்றருக்கு மணல் மட்டும் 820 கியூப் வரும் (ஒரு கியூப் 100 கன அடி). மூன்று கியூப் டிப்பரில் 275 தடவை. அத்தனை டிப்பரும் பாடசாலை வாசலால் உள்ளே வரவேண்டும், ஆகவே இந்த வேலை டிசம்பர் விடுமுறையில்தான் சாத்தியம். கடல்மணலைக் கழுவாமல் இறக்கினால் முதல் மாதமே புல் கருகும். உப்புப் பரிசோதனை இல்லாமல் ஒரு லோட்டும் எடுக்கக்கூடாது.

தண்ணீர் வெளியேறும் இடத்தை வரைபடத்தில் யாரும் காட்டுவதில்லை. மணித்தியாலத்துக்கு 50 மில்லிமீற்றர் மழை கொட்டினால் இந்த அளவு மைதானத்தில் விழுவது 390,000 லீற்றர். ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழையில் தெருக் கான் ஏற்கெனவே நிரம்பி ஓடும்போது குழாய் எங்கே கக்கும்? நிலத்தடித் தொட்டி ஒன்றுக்கு இப்போதே இடம் ஒதுக்க வேண்டும். அந்தத் தண்ணீர் பெப்ரவரியில் புல்லுக்கு உதவும்.

வளவின் உண்மையான பலவீனம் நெரிசல். இயற்கைப் புல் கிழமைக்கு ஆறேழு மணித்தியாலம்தான் தாங்கும். கிரிக்கெட், தடகளம், உதைபந்தாட்டம் மூன்றும் ஒரே தரையில் என்றால் இருபத்தைந்து மணித்தியாலம் கேட்பார்கள். அப்படியானால் செயற்கைப் புல்தான். அது நாற்பது மணித்தியாலமும் தாங்கும், எட்டிலிருந்து பத்து ஆண்டு உழைக்கும், பிறகு முழுவதையும் உரித்து மாற்ற வேண்டும். மாற்றும் செலவுக்கான வைப்பு முதலாம் ஆண்டிலேயே தொடங்காவிட்டால் ஒன்பதாம் ஆண்டில் கிழிந்த பாயில்தான் ஆட்டம். உச்சி வெயிலில் மேற்பரப்பு 60 பாகை தாண்டும். செயற்கைப் புல்லிழைகளுக்கு இடையில் தூவும் இறப்பர்த் துகளை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் போட்டு 2031இலிருந்து விற்பனைக்குத் தடுக்கிறது. மலிவாக ஒருவர் கொண்டுவந்து தருகிறார் என்றால் அதையும் நினைத்துப் பாருங்கள். தென்னந்தும்பு, தக்கை போன்றவை நல்ல மாற்று. ஆனால் நமது மழையில் மிதந்துபோய்க் கானை அடைக்கும். ஓரத்தில் தடுப்புக் கட்டாமல் போடக்கூடாது.

இருக்கை? ஐந்து வரிசைப் படிக்கட்டு நான்கு மீற்றரில் முடிந்துவிடும், எண்ணூறு பேர் அமரலாம். மீதிப் பேருக்கு வகுப்பறைக் கட்டடத்தின் இரண்டாம் மாடி விறாந்தை இருக்கிறது. பப்பரே வாத்தியக் குழுவுக்கும் அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

மாநகர சபைத் திடல்

பத்துப் பதினைந்து நிமிட நடையில் மாநகர சபைத் திடல் ஒன்று இருந்தால், வளவுக்கு அடுத்தபடி இதுதான் எமது தெரிவு. காணி வாங்கும் செலவு இல்லை, முழு அளவு ஆடுகளம் கிடைக்கும், அயலவர் ஏற்கெனவே ஆட்டச் சத்தத்துக்குப் பழகியிருப்பார்கள்.

இங்கே மண்ணைவிட ஒப்பந்தமே ஆபத்து. குத்தகைக் காலம் முப்பது ஆண்டுக்குக் குறைவென்றால் கொங்கிறீற்றில் எதையும் எழுப்பாதீர்கள். கழற்றி எடுக்கக்கூடிய இரும்புப் படிக்கட்டு போதும். திங்கள் முதல் வெள்ளி வரை 2.30 முதல் 6.00 வரை கல்லூரிக்கு என்று மணிக்கணக்காக எழுத வேண்டும். "தேவைக்கேற்ப" என்ற ஒரு சொல் போதும், அடுத்த சபை வந்ததும் அந்த நேரம் பறிபோக. தண்ணீர், மின்சாரக் கட்டணம் யாருடையது, புல் வெட்டுவது யார் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

மே தினக் கூட்டம், கார்னிவல், கண்காட்சி எல்லாம் பொதுத் திடலுக்கு வரும். பந்தல்காரர் அடிக்கும் இரும்பு ஆப்பு இரண்டடி இறங்கும். வடிகால் குழாய் கிடப்பதும் அதே ஆழத்தில்தான். மழைக்குப் பிறகு ஏறும் ஒரு லொறி விட்டுப்போகும் சில்லுத் தடத்தை நிரவ ஒரு பருவம் எடுக்கும். பந்தலுக்கு ஆடுகளத்துக்கு வெளியே இடம் குறித்து, பாரவாகனத்துக்குத் தடையும் சேதத்துக்கு வைப்புப் பணமும் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். சுற்றியுள்ள தோட்டக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கும் காலையும் ஞாயிறும் விட்டுக்கொடுக்க வேண்டும். அவர்களை வெளியே தள்ளிப் பூட்டுப் போட்ட வேலி ஒரு மாதம் நிற்காது, நிற்கவேண்டிய நியாயமும் இல்லை.

கொலன்னாவ, பேலியகொட, வத்தளைப் பக்கச் சதுப்பு

தரகர் முதலில் காட்டுவது இதைத்தான். நகரத்துக்குக் கிட்ட, ஒரே துண்டாக ஐந்தாறு ஏக்கர், விலை பாதி. பாதி விலைக்குக் காரணம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. கறுத்து, நார் நாராக, முட்டை அழுகிய வாடையுடன் வரும் மக்கிய மண். கையில் அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கால் தண்ணீர் ஒழுகும். மேலே பாரம் ஏற்றினால் நனைந்த பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக அல்ல.

நான்கு ஏக்கரை இரண்டு மீற்றர் உயர்த்த 11,400 கியூப் மண் வேண்டும், 3,800 டிப்பர். இறுக்கும்போது குறைவதற்கு இன்னும் ஐந்தில் ஒரு பங்கு. பாரம் ஏற்றி ஓர் ஆண்டாவது ஆறவிட வேண்டும், நிதி சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை. அவசரப்பட்டால் வரும் விளைவு இது: வடிகால் குழாய்க்கு 200க்கு 1 சரிவு என்றால், நடுவிலிருந்து ஓரம் வரை 34 மீற்றரில் மொத்த இறக்கமே 17 சென்றிமீற்றர். ஓரம் அப்படியே நிற்க நடுப்பகுதி அதே 17 சென்றிமீற்றர் அமுங்கினால் சரிவு முழுவதும் போய்விடும், அதற்கு மேல் அமுங்கினால் தண்ணீர் நடுவட்டத்தை நோக்கி ஓடும். பைல் (ஆழத் தூண்) அடித்து நிறுத்திய பார்வையாளர் அரங்கோ அசையாது. அதற்கும் தரைக்கும் இடையில் படி விழும், தண்ணீர்க் குழாய் முறியும்.

சதுப்பில் அரங்கே எழும்பாது என்பதல்ல. 1986இல் திறந்த கெத்தாராம (ஆர். பிரேமதாச) கிரிக்கெட் அரங்கு சதுப்பு நிலத்தில்தான் நிற்கிறது. அது அரசு பின்னால் நின்று செய்த வேலை, பாடசாலைச் சங்கத்தின் பணப்பைக்கு உரியதல்ல.

அனுமதியிலும் ஒரு பொறி. 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலம் நிரப்பினால்தான் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம். "நாங்கள் பத்து ஏக்கருக்குக் கீழேதானே" என்று தரகர் சிரிப்பார். ஆனால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனமும் நகர அபிவிருத்தி அதிகாரசபையும் எந்த அளவிலும் குறுக்கே நிற்கலாம், நிற்கவும் வேண்டும். கொழும்பு 2018இல் ராம்சார் எனும் சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது இந்தச் சதுப்புகளால்தான். 2016 மேயில் களனி பெருகியபோது கொலன்னாவ எப்படி மூழ்கியது என்பதை அங்குள்ள வீட்டுச் சுவர்களில் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் தங்கும் இடத்தை நீங்கள் நிரப்பினால் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

மூடிய குப்பைமேட்டை மைதானமாக்கும் யோசனையும் இடைக்கிடை எழும். மீதொட்டமுல்லக் குப்பைமேடு 2017 ஏப்ரலில் சரிந்த நாட்டில் அதற்கு ஒரே பதில்: அமுங்குவதும் எரிவாயு கிளம்புவதும் பத்தாண்டுகளில் முடியும் காரியமல்ல. பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள்.

ஹோமாகம, இரத்மலானை

ஹோமாகமப் பக்கம் மேட்டுக் காணி, நல்ல கபூக், வெட்டி நிரவினால் மூன்று மாதத்தில் தரை தயார். பொறியியலாளருக்கு மிகப் பிடித்த இடம் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் நகரத்திலிருந்து இருபது கிலோமீற்றருக்கு மேல், ஹைலெவல் வீதியின் பின்னேர நெரிசலில். ஒன்றரைக்குப் புறப்பட்டால் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்து, ஐந்தரைக்குப் பஸ் ஏறி, பிள்ளை வீட்டுக்கு வர இரவாகும். சாதாரண தர ஆண்டில் எந்தத் தாய் இதற்குச் சம்மதிப்பார்? விடுதியுள்ள பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தலாம்.

இரத்மலானை தூரத்தில் சமரசம். விமான நிலையத்தை அண்டிய காணியென்றால், மின்விளக்குக் கம்பத்தின் உயரத்துக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் சம்மதம் முதலில் வேண்டும். பயிற்சிக்கு 200 லக்ஸ் வெளிச்சம் தர பதினைந்து மீற்றருக்கு மேல் கம்பம் தேவைப்படும். அதை வெட்டிக் குறைத்தால் வெளிச்சம் கோல் காப்பாளன் கண்ணில் குத்தும். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களமும் வரும், உப்புக்காற்றில் கம்பத்தின் அடி துருப்பிடிப்பதும் சேர்ந்து வரும்.

எந்தக் காணியானாலும் முற்பணம் கொடுக்குமுன் செய்ய வேண்டியவை சில. கனமழைக்கு மறுநாள் காலை போய்ப் பாருங்கள். கொக்கு கூடி நிற்கும் இடம்தான் காணியின் மிகத் தாழ்ந்த இடம், அங்கேதான் முதல் துளை. நான்கு மூலையிலும் நடுவிலும் பத்து மீற்றராவது துளைத்து மண் அறிக்கை எடுங்கள். காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டு உறுதித் தேடல் செய்யுங்கள். அந்தப் பகுதி உள்ளூராட்சிச் சபையிடமிருந்து ஸ்ட்ரீட் லைன் (வீதிக் கோட்டு) சான்றிதழும் நொன்-வெஸ்டிங் (காணி சபைக்கு உடைமையாகவில்லை என்ற) சான்றிதழும் வேண்டும். இதில் முதலாவதைப் பலர் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். வீதி அகலிப்புக் கோடு காணிக்குள் நான்கு மீற்றர் வந்தால், 74 மீற்றர் அகலக் காணி 70 ஆகிவிடும். 72 தேவைப்படும் ஆடுகளம் அதில் ஏறாது, முற்பணமும் திரும்பி வராது.