திருமயம் சாலை எடை மேடை: அச்சு வாரியாக எடை வேண்டுமென்றால் இங்கே போங்கள்

காரைக்குடியிலிருந்து திருமயம் போகும் வழியில், கிரஷர் லாரிகள் திரும்புகிற இடத்தில் ஒரு எடை மேடை இருக்கிறது. நீலத் தகரக் கூரை, ஒரு வேப்பமரம், ஒட்டினாற்போல் டீக்கடை. 60 டன் வரை போடலாம், 10 கிலோ வரை பிரித்துக் காட்டும். முத்திரைச் சான்றிதழ் கேபின் கண்ணாடியில் ஒட்டியிருந்தது, தேதியும் நடப்பில் இருந்தது. ஜல்லியும் எம் சாண்டும் வாங்குகிறவர்கள் காலி வண்டிக்கு ஒன்று, சரக்கோடு ஒன்று என எடை போட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் போனது வேறு வேலையாக.

தேவகோட்டையில் கட்டடங்களுக்கும் சிறு பாலங்களுக்கும் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். குவாரி ஒன்றுக்குப் போகும் தனியார் பாதையில், கண்மாய்க் கலுங்கு ஓடையின் மேல் 6 மீட்டர் கான்கிரீட் ஸ்லாப் பாலம். "டாரஸ் வண்டி போனா தாங்குமாம்மா? அத மட்டும் சொல்லுங்க" என்றார் குவாரிக்காரர். டாரஸ் என்றால் பத்துச் சக்கர லாரி, முன்னால் ஓர் அச்சு, பின்னால் அடுத்தடுத்து இரண்டு. பாலம் தாங்குமா என்று சொல்ல மொத்த எடை போதாது. அவ்வளவு சிறிய பாலத்தில் முழு வண்டியும் ஒரே நேரத்தில் நிற்பதில்லை. பின்பக்க இரட்டை அச்சு நடுவுக்கு வரும்போது முன் சக்கரம் அக்கரைக்குப் போயிருக்கும். ஸ்லாப்பை வளைப்பது அந்த இரண்டு அச்சுகள்தான். கண், அதாவது ஒரு தாங்கலிலிருந்து அடுத்த தாங்கல் வரையான நீளம், பெரிதாக இருக்கும் பாலம் என்றால் லாரிக்குப் பின் லாரியாக நெருக்கி நிற்கும் வரிசையைத்தான் கணக்கில் வைக்க வேண்டும். இங்கே அது இல்லை.

முதலில் போன வேறொரு மேடையில், "மொத்த எடைன்னா போடுங்க, இல்லன்னா வண்டிய எடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். இங்கே கேபினில் இருந்த பெரியவர், "என்னத்தா, ஒரு வண்டிக்கு மூணு எடையா?" என்று கேட்டார். பாலத்து விஷயத்தைச் சொன்னேன். "சரி, கொண்டாரச் சொல்லு" என்றார். அதற்குமேல் ஒரு கேள்வி இல்லை.

முன் சக்கரம் மட்டும் மேடையில், ஒரு எடை. முழு வண்டி, இன்னொன்று. முன் சக்கரம் அந்தப் பக்கம் இறங்கிப் பின் அச்சுகள் மட்டும், மூன்றாவது. ஓட்டுநர் பிரேக்கிலேயே கால் வைத்திருந்தார். பெரியவர் கண்ணாடியைத் தட்டி, "தம்பி, நியூட்ரல்ல போட்டு பிரேக்க விடு" என்றார். பிரேக் பிடித்தபடி நின்றால் ஒரு அச்சின் பாரம் கொஞ்சம் இன்னொன்றுக்கு ஏறிவிடும். மொத்த எடையில் அது தெரியாது, தனித்தனியாகப் போடும்போதுதான் தப்பாக விழும். இதைக் கேட்காமலே சொன்ன எடை மேடைக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. திரையில் எண் ஆடி நிற்கும்வரை பொறுத்திருந்து, சீட்டின் பின்பக்கம் பேனாவால் எழுதிக் கொடுத்தார்.

இரண்டு டாரஸ் போட்டோம். மொத்தம் ஒன்று 27.1 டன், மற்றது 27.4 டன். பத்துச் சக்கர லாரிக்கு 2018இல் அனுமதியை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தினார்கள், ஆக மொத்தத்தில் இரண்டுமே சரி. ஆனால் பின் இரட்டை அச்சில் முதல் வண்டிக்கு 20.1 டன், இரண்டாவதற்கு 22 டன். அதற்கு அனுமதி 21 டன்தான். இரண்டாவது வண்டியில் ஜல்லியை வாலோரமாகக் குவித்திருந்தார்கள்.

பின் அச்சுகளின் இடைவெளியை டேப் வைத்து அளந்தேன், 1.36 மீட்டர். இரண்டு அச்சுகளின் நடுப்புள்ளியும் ஓர் அச்சும் பாலத்தின் மையத்திலிருந்து சம தூரத்தில் வரும்போதுதான் வளைவுத் திருப்பம், அதாவது பாரம் ஸ்லாப்பை வளைக்கப் பார்க்கும் அளவு, உச்சத்தில் இருக்கும். அப்படி வைத்துப் பார்த்தால் முதல் வண்டிக்கு 23.7 டன் மீட்டர், இரண்டாவதற்கு 25.9. பழைய வரைபடத்தில் பாலம் 'கிளாஸ் ஏ' பாரத்துக்குப் போட்டது, பாலக் கணக்குக்கென்று விதியில் வகுத்திருக்கும் மாதிரி லாரி வரிசை அது. அதில் 1.2 மீட்டர் இடைவெளியில் 11.4 டன் அச்சுகள் இரண்டு. அதே 6 மீட்டருக்கு 27.7 வருகிறது. ஓட்டத்தின் அதிர்ச்சிக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதி சொல்லும் 37.5 சதவீதத்தை இரு பக்கமும் ஒன்றுபோலக் கூட்டினால் ஒப்பீடு மாறாது. பின் இரட்டை அச்சு 23.5 டன்னைத் தொட்டால் பாலத்தின் கையிருப்பு தீர்ந்துவிடும். 40 டன் இரட்டை அச்சு வரை பார்த்துக் கட்டுகிற, '70ஆர்' என்ற இன்னும் கனமான மாதிரிப் பாரத்துக்கான பாலமாக இருந்திருந்தால் இந்தக் கவலையே இல்லை. குவாரிக்காரரிடம், "ஜல்லிய முன்னாடி தள்ளிக் கொட்டச் சொல்லுங்க, பாலத்து வாசல்ல இருக்கிற பள்ளத்த முதல்ல மூடுங்க" என்று எழுதியே கொடுத்துவிட்டேன். பள்ளத்தில் விழுந்து எழும் வண்டி விதியில் சொன்ன அதிர்ச்சியோடு நிற்காது.

மேடையில் ஒரு குறை இருக்கிறது. முன் எடையையும் பின் எடையையும் கூட்டினால் முழு எடை வர வேண்டும் இல்லையா? முதல் வண்டிக்கு 210 கிலோ குறைந்தது. இறங்கிப் பார்த்தேன். திருமயம் பக்கத்து விளிம்பில் தார் நாலு விரல் அமுங்கியிருக்கிறது. முன் சக்கரம் அந்தப் பள்ளத்தில் நின்றால் வண்டி முன்னால் சாய்கிறது, பின் அச்சு எடை குறைவாக விழுகிறது. ஒரு சதவீதம்தான், ஆனால் பாலத்துக்குப் பாரத்தைக் குறைத்துக் காட்டுகிற பிழையை என்னால் விட முடியாது. அப்புறம் இரண்டு வண்டிகளையும் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ரிவர்ஸில் ஏற்றிப் பின் அச்சுகளைப் போட்டோம். வித்தியாசம் 20 கிலோவுக்கு வந்துவிட்டது. மேலே சொன்ன எண்கள் அப்படி எடுத்தவை. ஜல்லி வாங்குகிறவர்களுக்கு இதனால் நஷ்டமில்லை. முழு வண்டியும் மேடையில் நிற்கும்போது எடை சரியாகவே விழுகிறது.

எல்லாவற்றுக்கும் சேர்த்து 300 ரூபாய் வாங்கினார்கள், அந்தப் பொறுமைக்கு அது குறைவு. காலையில் 8 மணிக்குள் போய்விடுங்கள், பிறகு கிரஷர் வண்டிகள் வரிசை கட்டிவிடும். பள்ளத்தைப் பெரியவரிடம் காட்டினேன். குனிந்து கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மொதலாளிகிட்ட சொல்லி கான்கிரீட் போட்டுடுறேன்த்தா" என்றார். அதுவரை அச்சு எடை போடப் போகிறவர்கள் காரைக்குடிப் பக்கமாகவே ஏறி, அதே பக்கமாக இறங்குங்கள்.