லண்டனில் வீடு தேடக் குற்ற வரைபடம்: ஒன்பது வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

2016 பிப்ரவரியில் ஈஸ்ட் ஹாமில் ஒரு நல்ல வாடகை வீட்டை வேண்டாம் என்று சொன்னோம். ஹை ஸ்ட்ரீட் நார்த் கடைத்தெருவிலிருந்து இரண்டு நிமிட நடை. பக்கத்திலேயே மகாலட்சுமி கோவில், முருங்கைக்காயும் இட்லி மாவும் கிடைக்கும் கடைகள். அடுத்த தெருவில் என் மனைவியின் பெரியப்பா இருபது வருடமாகக் குடியிருக்கிறார். "நல்ல இடம்தான் மாப்பிள்ளை, யோசிக்காம எடுங்க" என்றார். அன்று இரவு, காவல்துறையின் குற்ற வரைபடம் இருக்கும் போலீஸ்.யுகே தளத்தில் அந்த வீட்டின் போஸ்ட்கோடைப் போட்டுப் பார்த்தேன். கடைத்தெரு நெடுக வட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் அங்கே பதிவான குற்றங்களின் எண்ணிக்கை. கூட்டிப் பார்த்ததும் பயந்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே ஏஜென்ட்டிடம் முடியாது என்று சொல்லிவிட்டு, எண்கள் சிறிதாக இருந்த, வடமேற்கு லண்டனின் ஹாரோ பக்கம் போனோம். மாத வாடகை 250 பவுண்டு கூடுதல்.

அந்தத் தளத்தை இன்றும் விடாமல் பயன்படுத்துகிறேன். நல்ல கருவி, இலவசம். ஆனால் அன்று நான் அதைப் படித்த விதம் முழுக்கத் தவறு. புதிதாக லண்டன் வரும் நம்மவர்கள் பலரும் அதே மாதிரிதான் படிக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

தெரு அளவில் குற்றங்களைக் காட்டும் இந்த வரைபடம் 2011 தொடக்கத்தில் வந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் எந்த போஸ்ட்கோடைப் போட்டாலும், மாதவாரியாக, வகைவாரியாகக் காட்டும். மொத்தம் பதினான்கு வகைகள். கடைத் திருட்டு, சைக்கிள் திருட்டு, வழிப்பறி, வீடு புகுந்து திருடுவது எல்லாம் தனித்தனியே இருக்கும். நான் பார்த்ததோ மொத்த எண்ணை மட்டும். சூப்பர் மார்க்கெட்டில் யாரோ சாக்லேட் எடுத்துக்கொண்டு ஓடியதும், ரயில் நிலைய வாசலில் சைக்கிள் காணாமல் போனதும் என் வீட்டுக்கு வரும் ஆபத்து மாதிரியே எனக்குத் தெரிந்தது. கடைத்தெருவில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து போகிறார்கள், அவர்களுக்கு நடப்பதெல்லாம் அங்கே குடியிருப்பவர்கள் கணக்கில் ஏறிவிடுகிறது. லண்டனின் நடுவில் இருக்கும் சிறிய வணிகப் பகுதியான சிட்டி ஆஃப் லண்டனில் 2021 கணக்கெடுப்பின்படி குடியிருப்பவர்கள் ஏறத்தாழ 8,600 பேர். வேலைக்கு வருகிறவர்களோ 5 லட்சத்துக்கும் மேல். அங்கே ஆயிரம் பேருக்கு இத்தனை குற்றம் என்று வகுத்தால் வரும் விடைக்கு என்ன பொருள் இருக்க முடியும்?

ஹாரோவில் எங்கள் தெரு அமைதியானது. பகலில் ஆள் நடமாட்டமே இருக்காது, எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். 2017 தீபாவளிக்கு அடுத்த வாரம், இரண்டு வீடு தள்ளி இருந்த குஜராத்திக் குடும்பத்தில் பட்டப்பகலில் பின்கதவை உடைத்து நகையை எடுத்துப் போனார்கள். அந்த அம்மா பல வாரம் தூங்கவில்லை. லண்டனில் இந்தியர், இலங்கையர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று திருடர்களுக்குத் தெரியும். மொத்த எண்ணை விட்டு, வீடு புகுந்து திருடும் வகையை மட்டும் பிரித்துப் பார்த்திருந்தால் எங்கள் பகுதிக்கும் அது புதிதல்ல என்று முதலிலேயே தெரிந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து அந்தத் திருட்டு வரைபடத்தில் வந்தபோது புள்ளி எங்கள் தெருவில் இல்லை, பக்கத்துத் தெருவில் இருந்தது. தவறு நடந்துவிட்டதோ என்று தேடிப் படித்தேன். வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். பாதிக்கப்பட்டவரின் வீடு வெளியே தெரியக்கூடாது என்று, ஒவ்வொரு குற்றத்தையும் முன்பே குறித்து வைத்த ஒரு பொதுப் புள்ளிக்கு நகர்த்திவிடுகிறார்கள். அப்படி ஒரு புள்ளியின் எல்லைக்குள் குறைந்தது எட்டு முகவரிகளாவது இருக்கும், அல்லது ஒன்றுகூட இருக்காது. நியாயமான ஏற்பாடு. அதனால்தான் இந்தத் தெருவா, அடுத்த தெருவா என்று இதை வைத்து முடிவெடுக்க முடியாது. ஒரு கிலோமீட்டர் வட்டாரமாகப் பார்த்தால்தான் ஏதாவது புரியும்.

வன்முறை, பாலியல் குற்றங்கள் என்று ஒரே தலைப்பில் போட்டிருப்பதுதான் பலரைக் கலங்க வைக்கும். தெருவில் விழும் அடி மட்டும் இல்லை, வீட்டுக்குள் கணவன் மனைவியை அடிப்பதும், மிரட்டலும், பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதும் அதற்குள்தான். உடல்மீதான வன்முறைப் பதிவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குடும்ப வன்முறையோடு தொடர்புடையது. மிக வருத்தமான எண் அது, ஆனால் இரவில் தனியாக நடந்து வரும் ஒருவருக்கு அது எதையும் சொல்வதில்லை.

பழைய வருடங்களோடு ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். 2014இல் காவல்துறையைக் கண்காணிக்கும் ஆய்வு அமைப்பு, புகாராக வந்த குற்றங்களில் சுமார் 19 சதவீதம் பதிவே ஆகவில்லை என்று கண்டறிந்தது. அதன்பின் பதிவு ஒழுங்கானது, எண்கள் ஏறின. ஊர் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. 2020 ஊரடங்கில் பொது இடத் தொல்லை என்ற வகை திடீரென்று வீங்கியதையும் பார்த்தேன். பக்கத்து வீட்டில் கூட்டம் கூடுகிறது என்று மக்கள் செய்த போன் அழைப்புகளும் அதில் சேர்ந்துவிட்டன.

எனக்கு உண்மையாகவே குறையாகப் படுவது இரண்டு. குற்றம் நடந்த மாதம் தெரியும், நேரம் தெரியாது. மதியம் இரண்டு மணியா, இரவு பதினொன்றா என்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய வித்தியாசம்! இரண்டாவது, இனவெறித் தாக்குதலுக்கு வரைபடத்தில் தனி வகை கிடையாது, அது மற்ற தலைப்புகளில் கரைந்துவிடுகிறது. நம்மைப் போன்ற குடும்பங்கள் முதலில் தேடுவதே அதைத்தான். ஹாரோவில் ஸ்டேஷனிலிருந்து வரும் சந்தில் என் மனைவியைப் பார்த்து இருவர் கத்தியதை நாங்கள் புகாரே செய்யவில்லை. அதற்குப் புள்ளியும் இல்லை. அதன்பிறகு குளிர்காலம் முழுக்க நான் போய்த்தான் கூட்டி வந்தேன்.

2021இல் மறுபடி வீடு மாறியபோது முறையை மாற்றினேன். வழிப்பறி, வீடு புகுந்து திருட்டு இந்த இரண்டை மட்டும் எடுத்து, பன்னிரண்டு மாதத்துக்கும் பார்த்தேன். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு இருவரும் ஸ்டேஷனிலிருந்து அந்த வீட்டு வாசல் வரை நடந்தோம். ஈஸ்ட் ஹாமில், பெரியப்பா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான் இப்போது இருக்கிறோம். மொத்த எண் இன்றும் பெரிதுதான்.

மகள் போன வருடம் உயர்நிலைப் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள் நடக்கும் வழியில் வழிப்பறிப் புள்ளிகளை மட்டும் பார்க்கிறேன், போனுக்காகப் பிள்ளைகளை மடக்குவது அதில்தான் வரும். பூங்கா வழி ஆறு நிமிடம் குறைவு. இருந்தும் கடைத்தெரு வழியாகத்தான் வருகிறாள். நடன வகுப்பு முடியும்போது மணி எட்டு. எந்தக் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று அவளே ஒவ்வொரு கடையிலும் கேட்டு வைத்திருக்கிறாள்.