"ஆறு அச்சும் மாத்தியாச்சு" என்றார்கள், நான் வைத்த சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது

மாடல் ரயில் வைத்திருக்கும் கேஎல் (கோலாலம்பூர்) நண்பர்கள் கொஞ்சம் நின்று படித்துவிட்டுப் போங்கள். எஞ்சின் தடம் புரள்கிறது என்று ஒரு கடையில் கொடுத்து 405 வெள்ளி (ரிங்கிட்) அழுதேன். கோளாறு கடைசியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பத்து நிமிடத்தில், காசே இல்லாமல் சரியானது. கடை ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் இருக்கிறது. பெயர் போடப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எஞ்சின் ஹெச்ஓ என்ற மாடல் அளவு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். போகிக்கு (சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் அடிச்சட்டம்) மூன்று அச்சாக ஆறு அச்சு டீசல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நேர் பாதையில் ஓடும், வளைவிலும் ஓடும். பாயிண்ட்ஸ் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) வந்தால் மட்டும் ஏறிக் குதிக்கும். என்னிடம் இருக்கும் இன்னொரு எஞ்சின் அதே பாயிண்ட்ஸில் நூறு முறை போனாலும் விழாது. அப்படியென்றால் குறை பாதையில் இல்லை, எஞ்சினில்தான். இதுவரை நான் யோசித்தது சரி. மெதுவாக ஓடவிட்டு போனில் வீடியோ எடுத்ததில் முன் போகியின் நடு அச்சுதான் முதலில் ஏறுவது தெரிந்தது. மனைவியின் நகப்பூச்சை எடுத்து அந்தச் சக்கரத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று சக்கரத்தின் உள்முகத்தில் வைத்தேன். அந்தப் புள்ளிதான் பிறகு எனக்குச் சாட்சி சொன்னது.

அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முதலில் அவரிடம்தான் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. காட்டினால் அடுத்த கேள்வி "இது எத்தனை வெள்ளிடா?" என்று வரும். அதற்குப் பயந்துதான் கடைக்குப் போனேன்.

கடையில் முதல் தடவை "சர்வீஸ்" என்று 85 வெள்ளி. வீட்டுக்கு வந்தால் அதே பாயிண்ட்ஸில் அதே விழுதல். திரும்பக் கொண்டுபோனேன். முன் போகி, நடு அச்சு என்று தெளிவாகச் சொன்னேன். கவுண்டரில் இருந்தவர் கேட்ட மாதிரியே இல்லை. "கியர் வெடிச்சிருக்கு, ஆறு அச்சும் மாத்தணும், 320" என்றார். இந்த வகை எஞ்சினில் அச்சு முழுக் கம்பியாக இருக்காது. நடுவில் பிளாஸ்டிக் கியர், அதற்குள் இரண்டு பக்கமும் பாதி அச்சைச் செருகியிருப்பார்கள். அந்தக் கியர் வெடித்தால் சக்கரம் இடம் நகரும் என்பது உண்மை. அதனால் நம்பிவிட்டேன். பழைய அச்சுகளைக் கேட்டதற்கு "குப்பையில் போட்டாச்சு" என்று பதில். ரசீதில் "ரிப்பேர்" என்று ஒரே சொல்.

இப்போது எஞ்சின் வளைவிலும் விழ ஆரம்பித்தது! மூன்றாம் முறை போனபோது "உங்க டிராக் சரியில்லை, பாயிண்ட்ஸ் எல்லாம் புதுசா வாங்குங்க, 450 ஆகும்" என்றார்கள். அங்கேதான் விழித்துக்கொண்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி அப்பாவே மேசைக்கு வந்தார். போகியை விரலால் இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார். "ஒரு பக்கம் ஃப்ரீயா போவுது, மறு பக்கம் முட்டுது பாரு." எஞ்சினின் மேல்கூட்டைக் கழற்றினால் ஒரு ஒயர் போகிக்கு மேலே மாட்டி அழுந்திக் கிடக்கிறது. வளைவில் விழுந்தது அதனால்தான். அது கடை செய்த புதுக் கோளாறு. போகியைப் பிரித்ததும் நடு அச்சின் உள்முகத்தில் என் சிவப்புப் புள்ளி சிரித்தது. மாற்றிவிட்டதாகச் சொன்ன அச்சு அது!

வெர்னியர் அளவுகோலை எடுத்துச் சக்கரங்களின் முதுகுக்கு முதுகு, அதாவது இரண்டு உள்முகத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அளந்தார். ஹெச்ஓ சக்கரத்துக்கு அந்த இடைவெளி சுமார் 14.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மற்ற ஐந்து அச்சிலும் சரியாக இருந்தது. நடு அச்சில் 13.9. கியரில் வெடிப்பே இல்லை. இடைவெளி குறைந்தால் பாயிண்ட்ஸில் தண்டவாளத்துக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் செக் ரெயிலைச் சக்கரத்தின் முதுகு கவ்விப் பிடிக்கும், பிடித்த வேகத்தில் விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும். வெறும் தண்டவாளத்தில் முதுகுப் பக்கம் தொடுவதற்கு ஒன்றும் இல்லை, அதனால்தான் மற்ற இடங்களில் ஒழுங்காக ஓடியது. "பெரிய வண்டியிலயும் இதே கணக்குதான்டா" என்றார். இரண்டு சக்கரத்தையும் கையால் பிடித்து, திருகியபடியே வெளியே இழுத்தார். அளந்தார், இன்னும் கொஞ்சம் இழுத்தார். 14.4. ஒயரை ஒதுக்கி மூடினோம். அதற்குப் பிறகு விழவில்லை.

விலையையும் கேட்டார். பாதிதான் சொன்னேன்.

ரிப்பேருக்குக் கொடுக்கிறவர்கள் கழற்றும் பாகத்தை திருப்பித் தரச்சொல்லி முதலிலேயே ரசீதில் எழுதி வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓர் அடையாளம் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் புள்ளி வைத்த அன்றே எடுத்த படம் போனில் இருந்தது, பிரித்தபோது எடுத்தது இன்னொன்று. இரண்டையும் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பயனீட்டாளர் திரிபுனலில் (நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் தீர்ப்பாயம்) 5 வெள்ளி கட்டி பாரம் 1 என்ற புகார்ப் படிவத்தைப் போட்டேன். வக்கீல் வைக்க வேண்டியதில்லை, 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம். பாரத்தின் நகல் கடைக்குப் போன மறுநாளே போன் வந்தது. 320 வெள்ளி கணக்கில் ஏறிவிட்டது. "சர்வீஸ்" காசு 85 இன்னும் வரவில்லை, அதனால் வழக்கை மீட்டுக்கொள்ளவில்லை.